பழைய ஹார்ட் டிஸ்க்கைப் புதிய கணினிக்கு மாற்றுதல்: முதலில் நகல், பிறகே பொருத்துதல்

திருமங்கலத்தில் என் பெரியப்பா கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தி வந்தார். ஒரு சித்திரை மாதத்தில் அவருடைய கணினியின் மதர்போர்டு பழுதாகிவிட்டது. புதிய கணினி ஒன்றை வாங்கிய அவர், பழையதில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை அதில் பொருத்தித் தரும்படி என்னை அழைத்தார். நான் டிஸ்க்கை மாட்டி, கணினியை இயக்கிவிட்டுக் கை கழுவ எழுந்து போனேன். "என்னமோ கேக்குதுப்பா, ஓகே குடுத்துக்கிட்டே போகவா?" என்று அவர் உள்ளிருந்து கேட்டார். திரையைப் பார்க்காமலேயே "குடுங்க பெரியப்பா" என்று நான் சொல்லிவிட்டேன். திரையில் வந்திருந்தது டிஸ்க்கை ஃபார்மட் செய்ய, அதாவது உள்ளதை அழித்துப் புதிதாக அமைக்கச் சொல்லும் பெட்டி. பதினோரு ஆண்டுகளாக அவர் சேர்த்து வைத்திருந்த பத்திரிகை வடிவங்கள் அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணை விட்டு மறைந்தன. மீட்பு மென்பொருளைக் கொண்டு நான்கு இரவுகள் உட்கார்ந்து பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தேன். ஆனால் கோப்புகளின் பெயர்கள் எதுவும் மிஞ்சவில்லை என்பதால், எது யாருடைய பத்திரிகை என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட அவருக்குப் பல மாதங்கள் ஆயின.

அதன் பிறகு மதுரையிலும் சுற்றூர்களிலும் உறவினர், நண்பர் எனப் பலருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். முதல் தடவை செய்பவர்கள் தடுமாறாமல் இருப்பதற்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். பழைய டிஸ்க்கைப் புதிய கணினிக்குள் திருகி மாட்டுவது இதில் மிகச் சிறிய வேலை. அது கடைசியில் வர வேண்டியது. டிஸ்க்கில் இருப்பவற்றைப் பாதுகாப்பாக வேறோர் இடத்துக்கு நகலெடுப்பதுதான் உண்மையான வேலை. பலர் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிச் செய்வதால்தான் இழப்பு நேர்கிறது.

உங்கள் டிஸ்க் எந்த வகை?

மேசைக் கணினியில் இருப்பது பெரும்பாலும் 3.5 அங்குல டிஸ்க். மடிக்கணினியில் இருப்பது 2.5 அங்குல டிஸ்க். அளவு வேறுபட்டாலும், கடந்த 20 ஆண்டுகளில் வாங்கியவை பெரும்பாலும் சாட்டா என்னும் இணைப்பு வகையைச் சேர்ந்தவை. டிஸ்க்கின் பின்விளிம்பைப் பார்த்தால், 'ட' எழுத்தைப் போல ஓரத்தில் மடங்கிய இரண்டு தட்டையான இணைப்புகள் தெரியும். குறுகியது 7 முனைகள் கொண்ட டேட்டா இணைப்பு. அகலமானது 15 முனைகள் கொண்ட மின் இணைப்பு. இவை தெரிந்தால் உங்கள் வேலை எளிது.

அதற்குப் பதிலாக ஊசிகள் இரண்டு வரிசையாக, மொத்தம் 40 இடங்களுடன் நீண்டு இருந்து, பக்கத்தில் நான்கு தடித்த ஊசிகளுடன் மின் இணைப்பும் இருந்தால், அது ஐ.டி.இ. எனப்படும் பழைய வகை. இன்டெல் நிறுவனம் 2006இல் வெளியிட்ட மேசைக் கணினி சிப்செட்டுகளிலேயே (மதர்போர்டின் மையச் சில்லுகள்) இந்த இணைப்புக்கான இடத்தைக் கைவிடத் தொடங்கிவிட்டதால், இன்றைய மதர்போர்டில் அதை நேரடியாக மாட்ட வழியில்லை. ஐ.டி.இ., சாட்டா இரண்டையும் ஏற்கும் யூ.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கி, நகலெடுத்துக்கொண்டு, அந்த டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிடுவதே சரி. அதன் பின்புறத்தில் ஜம்பர் எனப்படும், ஊசிகளை இணைக்கும் சிறு செருகி ஒன்று இருக்கும். அது ஸ்லேவ் (இரண்டாம் டிஸ்க்) நிலையில் இருந்தால் பல அடாப்டர்கள் டிஸ்க்கை அடையாளம் காண்பதில்லை. டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அதை மாஸ்டர் (முதல் டிஸ்க்) நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கியிருப்பது மடிக்கணினி என்றால் இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும். இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை விரல் நீளத்தில் இருக்கும், சுழலும் தட்டு இல்லாத எம்.2 எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தை மட்டுமே ஏற்கின்றன, 2.5 அங்குல டிஸ்க்குக்கு உள்ளே இடமே இருப்பதில்லை. எனவே அடியைத் திறந்து பார்த்து ஏமாறுவதற்கு முன், அந்த மாடலின் விவரக் குறிப்பைப் படித்துவிடுங்கள். இடமில்லையென்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூ.எஸ்.பி. கேஸ் ஒன்றில் பழைய டிஸ்க்கைப் போட்டு வெளியிலிருந்தே பயன்படுத்தலாம்.

அடாப்டர் வாங்கும்போது கவனிக்க வேண்டியது மின்சாரம். 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் ஓடுவதால் யூ.எஸ்.பி. வழியாக வரும் மின்சாரமே அதற்குப் போதும். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தேவை; ஆகவே சுவரில் செருகும் தனி அடாப்டருடன் கூடிய கேஸையோ டாக் எனப்படும் டிஸ்க் தாங்கியையோதான் அதற்கு வாங்க வேண்டும். மடிக்கணினி டிஸ்க்குக்கான கேபிளை 3.5 அங்குல டிஸ்க்கில் செருகிவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் மோட்டார் சுழலத் தேவையான மின்சாரம் வரவில்லை என்பதே அங்கே உண்மை.

பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால்

ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றுகிறீர்கள் என்றால், கழற்றுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய சில வேலைகள் உண்டு. கழற்றிய பிறகு இவற்றைச் செய்வது மிகவும் கடினம்.

முதலாவது, டேலி என்னும் கணக்கு மென்பொருள். கீழமாசி வீதியின் மொத்தக் கடைகளில் தொடங்கி உசிலம்பட்டிச் சந்தைக் கமிஷன் கடை வரைக்கும் கணக்கு அதில்தான் இருக்கிறது. டேலியின் லைசென்ஸ் அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டிருக்கும். பழைய கணினியிலேயே அதைத் திறந்து லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டால், புதிய கணினியில் அதைச் சிக்கலின்றி ஆக்டிவேட் செய்யலாம். அத்துடன், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று காட்டப்படும். அந்தப் பாதையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 8.1 முதற்கொண்டு வந்த பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்தவுடனேயே, பயனருக்குத் தெரியாமலே டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதே கணினியில் இருக்கும்வரை நீங்கள் எதையும் உணர மாட்டீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியவுடன் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றை அது கேட்கும். அந்தச் சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே செட்டிங்ஸில் மறையாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதை நிறுத்தி, பூட்டு முழுவதும் நீங்கும்வரை காத்திருங்கள், அல்லது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கினுள் சென்று சாவியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கணினியை நிறுத்தும் முறை. விண்டோஸ் 8இல் தொடங்கி, ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி பாதி உறக்க நிலையிலேயே நிற்கும். மறுநாள் விரைவாகத் தொடங்குவதற்கான ஏற்பாடு அது. அந்த நிலையில் டிஸ்க்கைக் கழற்றினால், வேறொரு கணினி அதைப் பூட்டிய நிலையில் காணக்கூடும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்தால் முழுமையாக நிற்கும்.

கழற்றுதல்

மின்கம்பியைச் சுவரிலிருந்து உருவிய பிறகு, கணினியின் பவர் பட்டனைப் பத்து வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். மடிக்கணினியானால் பேட்டரியையும் நீக்க வேண்டும். பேட்டரி உள்ளேயே பொதிந்திருந்தால், அடியைத் திறந்ததும் முதல் வேலையாக மதர்போர்டில் இருந்து அதன் இணைப்பை விடுவிக்க வேண்டும்.

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரையின் காற்று வறண்டு கிடக்கும். பாலியஸ்டர் சட்டையுடன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்து எழுந்தாலே உடலில் நிலைமின்சாரம் ஏறிவிடும். நாம் உணராத அளவுக்குச் சிறிய பொறிகூட டிஸ்க்கின் அடியில் இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பழுதாக்க வல்லது. எனவே வேலையைத் தொடங்கும்போதும், இடையில் எழுந்து வந்து உட்காரும்போதும், கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பக்கவாட்டில் மட்டும் பிடியுங்கள். பச்சைப் பலகையில் விரல் படக் கூடாது.

கேபிள்களை உருவும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், முனையில் இருக்கும் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சில டேட்டா கேபிள்களில் சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டே இழுக்காவிட்டால் டிஸ்க்கில் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பே முறிந்துவிடும். கழற்றிய ஸ்க்ரூக்களைக் கிண்ணம் ஒன்றில் போட்டு வையுங்கள். 3.5 அங்குல டிஸ்க்கின் ஸ்க்ரூ தடித்த மரை கொண்டது, 2.5 அங்குல டிஸ்க்குக்கு 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய ஸ்க்ரூ. ஒன்றை மற்றொன்றில் திணித்தால் மரை தேய்ந்துவிடும்.

எந்த நிலையிலும் டிஸ்க்கின் மேல்மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் தலைக்கும் இடையே உள்ள வெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஆடி மாதக் காற்றில் நம் வீட்டுக்குள் வரும் புழுதியின் ஒரு துகள் போதும், அந்தத் தட்டைக் கீறிவிட. ஓடாத டிஸ்க்கைக் குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் உள்ளே நீர் படிந்து, மீட்கக் கூடியதையும் மீட்க முடியாமல் ஆக்கிவிடும் செயல் அது.

முதல் இணைப்பு: வெளியிலிருந்தே

டிஸ்க்கை உடனே புதிய கணினிக்குள் மாட்டாமல், யூ.எஸ்.பி. அடாப்டர் வழியாக வெளியிலிருந்து இணையுங்கள். புதிய கணினியை முதலில் இயக்கி, விண்டோஸ் முழுவதும் திறந்து வந்த பிறகு டிஸ்க்கை இணைப்பது நல்லது. அப்படிச் செய்தால் புதிய கணினி பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸைத் தேடிச் சென்று குழம்பாது. சமதளமான மேசையில், யாரும் தட்டிவிடாத இடத்தில் டிஸ்க்கை வையுங்கள். சுழலும்போது அசைத்தால் டிஸ்க் கெட்டுவிடும். கரண்ட் போய் வருகிற பகுதியானால் யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். 2012இல் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த காலத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்று நின்று பழுதான டிஸ்க்குகளை எங்கள் பகுதியில் ஏராளமாகப் பார்த்தோம்.

இணைத்தவுடன் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சீரான மெல்லிய இரைச்சல் இருந்தால் நல்லது. கடிகாரம்போல டிக், டிக் என்று தட்டும் ஒலி வந்தாலோ, சுழலத் தொடங்கி நின்று மறுபடியும் தொடங்கினாலோ, உடனே இணைப்பை எடுத்துவிடுங்கள். தலை பழுதாகியிருக்கிறது என்பதற்கான அறிகுறி அது. ஒவ்வொரு முறை இயக்கிப் பார்க்கும்போதும் தட்டு மேலும் கீறப்படும் என்பதால், உள்ளே இருப்பது மதிப்புள்ளதாக இருந்தால் தூசியற்ற அறை வசதி கொண்ட தரவு மீட்பு நிலையத்திடம்தான் அதைக் கொடுக்க வேண்டும்.

ஒலி சரியாக இருந்தால், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை நிறுவி டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. 05, சி5, சி6 என்று குறிக்கப்பட்ட மூன்று வரிகளைத் தனியே கவனியுங்கள். பழுதாகி மாற்றப்பட்ட இடங்களையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்களையும், படிக்கவே முடியாத இடங்களையும் அவை எண்ணிக் காட்டுகின்றன. இவற்றில் ஒன்றிலாவது சுழியத்துக்கு மேல் எண் இருந்தால், அந்த டிஸ்க்கைப் புதிய கணினிக்குள் மாட்டும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு, மிக முக்கியமானதில் தொடங்கி நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் வரும் கேள்விகள்

என் பெரியப்பாவின் டிஸ்க் பாழானது இந்த இடத்தில்தான் என்பதால், இதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். புதிய கணினிக்குப் பழைய டிஸ்க்கின் ஒரு பகுதி புரியவில்லை என்றால், "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். டிஸ்க் காலியாக இருக்கிறது என்று அதற்குப் பொருள் இல்லை. உள்ளே இருப்பதை என்னால் படிக்க முடியவில்லை என்றே அந்தக் கணினி சொல்கிறது. கேன்சல் கொடுங்கள். விண்டோஸின் டிஸ்க் நிர்வாகத் திரையான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்கும்போது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யலாமா, அதாவது புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்டாலும் கேன்சல்தான்.

படிக்க முடியாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் சில முற்றிலும் சாதாரணமானவை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் எனச் சுற்றியுள்ள ஊர்களில் அவை இல்லாத தெருவே இல்லை. அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் மற்றோர் இயங்குதளமும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. அந்த டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் மாட்டினால், லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாததால், அது ஃபார்மட் கேட்கும். பக்கத்தில் இருக்கும் விண்டோஸ் பகுதி எந்தக் குறையும் இல்லாமல் திறக்கும். லினக்ஸ் பகுதியில் பிள்ளைகளின் படங்கள் ஏதும் இருக்கலாம் என்று தோன்றினால், உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கிப் பார்த்தால் இரண்டு பகுதிகளுமே தெரியும்.

டிஸ்க் இணைந்திருந்தும் எக்ஸ்ப்ளோரரில் தெரியவில்லை என்றால், ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அங்கே பகுதி நலமாகக் காட்டப்பட்டு, டிரைவ் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால், வலது கிளிக் செய்து ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். ஆஃப்லைன் என்று இருந்தால் ஆன்லைன் ஆக்கலாம். குளோன் செய்த (அப்படியே முழு நகலெடுத்த) டிஸ்க்கையும் அதன் மூலத்தையும் ஒரே கணினியில் மாட்டும்போது இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் ஒன்று இப்படி ஒதுக்கப்படும். பகுதியின் அமைப்பே புரியவில்லை என்று பொருள்படும் 'ரா' என்று காட்டினால் அங்கே நிறுத்திவிடுங்கள். எதையும் எழுதாமல், விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்றும், 320 ஜிபி டிஸ்க் 298 ஜிபி என்றும் காட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். தயாரிப்பாளர் 1000த்தின் மடங்கிலும் விண்டோஸ் 1024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது. ஒரு பகுதியும் காணாமல் போய்விடவில்லை.

நகலெடுத்தல்

முதலில் வைரஸ் சோதனை. ஜெராக்ஸ் கடைகளின் கணினிகளிலிருந்து பென் டிரைவ் வழியாகப் பரவிய ஷார்ட்கட் வைரஸ் பழைய டிஸ்க்குகளில் இன்னும் உறங்கிக் கிடக்கிறது. அது உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை வைத்திருக்கும். இடத்தின் அளவு நிறைந்திருந்தும் ஃபோல்டர்கள் காணவில்லை என்றால், எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் அங்கேயே இருக்கும். ஷார்ட்கட்டுகளை மட்டும் திறக்காதீர்கள்.

அடுத்து, எதை எடுப்பது? விண்டோஸ் எக்ஸ்பி இருந்த டிஸ்க் என்றால் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்னும் ஃபோல்டரிலும், விஸ்டாவும் அதன்பின் வந்தவையும் இருந்தால் 'யூசர்ஸ்' என்னும் ஃபோல்டரிலும் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் எல்லாம் அதற்குள்தான். திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொன்னால் கன்டினியூ கொடுத்துச் சற்றுக் காத்திருங்கள்; பழைய கணினியின் பயனரைப் புதிய கணினிக்குத் தெரியாது என்பதால் வரும் கேள்வி அது. டேலி டேட்டா 10000, 10001 என்பது போன்ற எண்களைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்களில் இருக்கும். பெயர் எண்ணாக இருப்பதால் தேவையற்றது என்று நினைத்து விட்டுவிடுவோர் உண்டு. ஒரு கடையின் ஆண்டுக் கணக்கு முழுவதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. பழைய பதிப்பின் டேட்டாவைப் புதிய டேலியில் திறக்கும்போது அது புதிய வடிவத்துக்கு மாற்றப்படலாம் என்பதால், தொடாத ஒரு நகலைத் தனியே வைத்துக்கொண்ட பிறகே திறக்க வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று, பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவலாவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியீடு வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல்தான் யூனிகோடு அரசின் தரமாயிற்று. அந்த இடைக்காலத்தில் பாமினியிலோ வானவில்லிலோ டாம் எழுத்துருக்களிலோ அடித்த ஆவணத்தைப் புதிய கணினியில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை நிறுவியவுடன் "திருமண அழைப்பிதழ்" மறுபடியும் கண்முன் வந்து நிற்கும். என் பெரியப்பாவின் கோப்புகள் பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருந்தன. மீட்டெடுத்த பிறகும் பாதிக் கோப்புகள் படிக்க முடியாமல் இருந்ததற்குக் காரணம், எழுத்துருக்களை நாங்கள் எடுத்து வைக்காததே. சிம்மக்கல்லில் அச்சகம் வைத்திருந்த அவருடைய நண்பர் ஒருவரிடம் அவை இருந்ததால் தப்பித்தோம். எனவே அந்த ஃபோல்டரை முழுவதும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; நேரம் கிடைக்கும்போது முக்கியமான ஆவணங்களை எழுத்துரு மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

நகலெடுக்க ஆகும் நேரம் இணைப்பைப் பொறுத்தது. பழைய யூ.எஸ்.பி. 2 வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 30 எம்.பி. கிடைக்கும், நிறைந்த 500 ஜிபி டிஸ்க்குக்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நீல நிற யூ.எஸ்.பி. 3 இணைப்பில் டிஸ்க்கின் வேகத்துக்கு ஓடுவதால், வினாடிக்கு 100 எம்.பி. என்றால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எப்போதும் காப்பி கொடுங்கள், கட் கொடுக்காதீர்கள். நடுவில் கரண்ட் போனால் கட் கொடுத்த கோப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். முடிந்ததும் இரண்டு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிறகு நகலில் இருந்து பத்து இருபது கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

இனி உள்ளே பொருத்தலாம்

டிஸ்க் நலமாக இருந்து, இடமும் இருந்தால், கூடுதல் சேமிப்பாக அதைப் புதிய கணினிக்குள் மாட்டலாம். அதிலிருக்கும் பழைய விண்டோஸைக் கொண்டே புதிய கணினியை இயக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேறொரு மதர்போர்டுக்காக நிறுவிய விண்டோஸ் நீலத்திரையில் நிற்கலாம். கணினியுடன் வந்த லைசென்ஸாக இருந்தால் அது பழைய மதர்போர்டைச் சேர்ந்தது. மேலும் விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிந்துவிட்டது.

கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் சாட்டா மின்கேபிளையும், மதர்போர்டிலிருந்து டேட்டா கேபிளையும் இணையுங்கள். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய வகை எஸ்.எம்.பி.எஸ். என்றால், அதனுடன் வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள் அதில் சரியாகப் பொருந்தினாலும் உள்ளே வயர்களின் வரிசை மாறியிருக்கலாம்; 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே கருகிவிடும். மாட்டிய பிறகும் டிஸ்க் தெரியவில்லை என்றால், மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள். எம்.2 இடத்தில் எஸ்.எஸ்.டி. மாட்டியிருக்கும்போது சாட்டா இணைப்புகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும் போர்டுகள் உண்டு. கேபிளை அடுத்த இணைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

கணினியை இயக்கியவுடன் பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் சென்று, இயக்க வரிசையில் புதிய எஸ்.எஸ்.டி. முதலில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கேபினட்டின் காற்றாடிக்கு நேரே டிஸ்க் இருக்கும்படி பொருத்துவது நல்லது. பெரும்பாலான டிஸ்க்குகள் 60 டிகிரி வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் அறையே 40 டிகிரியை நெருங்கும் நம் ஊரில், மூடிய கேபினட்டுக்குள் அந்த எல்லையைத் தொட அதிக நேரம் ஆகாது.

பழைய டிஸ்க்கைக் காலி செய்து பயன்படுத்த விரும்பினாலும் குறைந்தது ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள். நகலெடுக்க மறந்தது எதுவென்று, வாடிக்கையாளர் வந்து கேட்கும் நாளில்தான் தெரியவரும். பழைய இரும்புக்கடைக்குப் போடுவதாக இருந்தால், அதற்கு முன் 'குயிக்' என்ற குறியை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டாவில் தொடங்கி அது டிஸ்க் முழுவதும் சுழியங்களை எழுதுகிறது. எடுத்து வைப்பதாக இருந்தால், நிலைமின்சாரம் தடுக்கும் பையில் சிலிக்கா பொட்டலம் ஒன்றுடன் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் எடுத்து வைத்தது என்று மேலே எழுதி ஒட்டி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். என் பெரியப்பாவின் டிஸ்க் அப்படித்தான் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதை எடுத்து, இணைத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைக்கிறேன்.